இடது கை காட்டிய வழி

"ஒரே ஒரு வாக்கியம் அண்ணி. அதுக்கு மூச்சைக்கூட இழுத்துப் பிடிக்க வேண்டாம். கேட்டீங்களா, இல்லையா?"

"கேட்டேன்."

"என்னன்னு கேட்டீங்க?"

"மாத்திரை போட்டீங்களான்னு."

"அதுக்கு முந்தின வாரம்?"

"தண்ணி மோட்டாரை நிறுத்தினீங்களான்னு."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்க அண்ணன் என்ன புலியா? இன்னிக்கு வண்டியை நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி உக்காருங்கன்னு சொல்றதுக்கு ரெண்டு வருஷமா? லைசென்ஸ் வாங்கி அதை பீரோவுல போர்வைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கற ஒரே ஆள் இந்த உலகத்துலயே நீங்கதான்."

"புலின்னா பரவாயில்லையேடி. இது தூங்கற குழந்தை கையில இருந்து பொம்மையைப் பிடுங்கற மாதிரி இருக்கு."

பயணம் கிளம்புவதற்கு முந்தின வாரம், நாத்தனார் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில், சாலைக் குறிகள் வரைந்த பலகைக்குக் கீழே உட்கார்ந்து பேசிய பேச்சு இது. இன்று பயணத்தின் பத்தாவது நாள், கடைசி நாள். கணவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி அந்தப் பேச்சை அண்ணி நூறாவது முறையாக மென்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். வண்டியில் போகும்போது அவள் பார்த்த உலகத்தில் பாதி அந்த முதுகுதான்.

கணவர் பீரங்கிப் படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். குரலும் பீரங்கிதான், ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டில் பதில் வரும். படையில் வைத்த பெயர் 'இடி'. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை.

இவரையும் சேர்த்துப் பழைய சிப்பாய்கள் நாற்பத்தொரு பேர் வருஷத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் நாட்டைக் குறுக்கே கடப்பார்கள். கடற்கரையில் தொடங்கி, வழியில் உள்ள ஊர்களின் நினைவுக் கற்களில் எல்லாம் நின்று, பத்தாம் நாள் சாயங்காலம் மலை உச்சியில் இருக்கும் பெரிய நினைவுச் சுவரில் முடிப்பார்கள். போரிலிருந்து திரும்பாதவர்களின் பெயர்கள் எழுதிய தாள்களைச் சுருட்டி ஒரு தகரக் குழலில் போட்டு, முதல் வண்டியில் போகிறவர் நெஞ்சோடு கட்டிக்கொள்வார். அவர்தான் அந்த வருஷத்துத் தலைவர். உச்சியில் அந்தப் பெயர்களை வாசிப்பதும் அவர்தான். ஏழு வருஷம் வரிசையில் காத்திருந்து இடிக்கு இந்த முறை அந்த இடம் கிடைத்திருக்கிறது. கடைசித் தாளில், அவருடைய பீரங்கியிலேயே பக்கத்தில் நின்ற ஒருவனின் பெயர் இருக்கிறது. எழுத வராத அவனுக்காக இடி பதினோரு காதல் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டாவதை எழுத வேண்டி வரவில்லை. அந்தப் பெயரைத் தன் வாயால் வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் ஏழு வருஷம்.

இப்போது சிக்கல் இடது கையில்.

மூன்று நாளாக அவள் கவனித்துக்கொண்டுதான் வருகிறாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பத்தொன்பது வருஷமாக மருந்து எடுத்துக் கொடுப்பவளுக்கு மரத்துப்போகும் விரலை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். நேர் ரோடு வந்ததும் அவர் கையைக் கைப்பிடியிலிருந்து நைசாக எடுத்துத் தொடைக்குப் பக்கத்தில் வைத்து உதறுவார். ஒன்றும் தெரியாதவர் மாதிரி மறுபடி வைப்பார். கேட்டால் 'கையுறை இறுக்கம்' என்பார். மறுநாள் பெரிய சைஸ் கையுறை வாங்கிக் கொடுத்தாள். 'இது லூஸ்' என்றார்.

வெளியே சொல்லவும் முடியாது. உடம்புக்கு முடியாத தலைவர் குழலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, பெட்டி படுக்கைகளோடு வருகிற வேனில் ஏறிவிட வேண்டும் என்பது இவர்களுடைய சட்டம். ஏழு வருஷக் காத்திருப்பை டயர்களுக்கும் டிபன் கேரியர்களுக்கும் நடுவில் உட்கார வைக்க அவளுக்கு மனசில்லை. குழல் முதல் வண்டியில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே தவிர, அந்த வண்டியை யார் ஓட்ட வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. அதை அவள் மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டாள். ஆக, அவள் வாயைத் திறந்தால் போதும்.

காலையில் டீக்கடையில் திறந்தும் பார்த்தாள்.

"என்னங்க..."

"சொல்லு!" என்றார் இடி. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"சாக்ஸ் மாத்தினீங்களா?"

"மாத்திட்டேன்!" என்று ஊருக்கே அறிவித்தார்.

இந்தக் கூட்டத்தில் ரேடியோ, இயர்போன் எதுவும் கிடையாது. பாதிப் பேரின் காதைப் பீரங்கியும் டாங்கியும் வாங்கிக்கொண்டு போய்விட்டதால், எல்லாம் கைச்சைகைதான். வலது கை ஆக்சிலேட்டரை விட முடியாது. அதனால் இடது கை. தலைவர் கையை நீட்டினால் அடுத்த வண்டிக்காரர் நீட்டுவார், அவரைப் பார்த்து அடுத்தவர் நீட்டுவார். இப்படியே போய், கடைசி வண்டியில் வரும் 'வால்' வரை அது சேர்ந்துவிடும். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்கிற பழக்கமே அவர்களுக்கு இல்லை.

பதினோரு மணி வாக்கில் இடியின் விரல்கள் மறுபடி மரத்தன. இந்த முறை தொடைப்பக்கம் உதறியது போதவில்லை போலிருக்கிறது. கையைப் பக்கவாட்டில் முழுசாக நீட்டி, ரெண்டு தடவை பலமாக உதறிவிட்டு, "அப்பாடா" என்று கைப்பிடியைப் பிடித்தார். வண்டி பறந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் ரோடு இருந்தது, மரங்கள் இருந்தன, வானம் இருந்தது. நாற்பது மோட்டார் சைக்கிள்கள் மட்டும் இல்லை.

"என்னங்க! பின்னாடி யாரையும் காணோம்!"

இடியும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நம்ம வேகத்துக்கு எவனால வர முடியும்!"

இன்னும் நாலு கிலோமீட்டர் போன பிறகுதான் அந்த மலர்ச்சி வாடத் தொடங்கியது. வண்டியைத் திருப்பினார்கள்.

ரோட்டோரம் ஒரு மெத்தைத் தொழிற்சாலை. பெரிய இரும்புக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே, முற்றத்தில், ரெண்டு வரிசையாக, வரிசைக்கு இருபதாக, கோடு போட்டு நிறுத்தினாற்போல நாற்பது மோட்டார் சைக்கிள்கள். பக்கத்துக் கொட்டகையில் புது மெத்தைகள் மேல் பழைய சிப்பாய்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலைந்து பேர் உட்காரும் கட்டத்தைத் தாண்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலை மேனேஜர் கையில் ஆர்டர் புத்தகத்தோடு ஓடிவந்தார்.

"சார், நீங்கதான் தலைவரா? நாற்பதும் சிங்கிள் சைஸா, இல்ல டபுளா?"

இடி ஆர்டர் புத்தகத்தைப் பார்த்தார், மெத்தைகளைப் பார்த்தார்.

வால் எழுந்து வந்தார். பெயருக்கு ஏற்ற ஆள். அறுபத்து மூன்று வயதிலும் அடங்காத வால். "தலைவரே, கையைக் காட்டினீங்க, திரும்பினோம். ஏற்பாடு பிரமாதம். ஆனா நீங்க மட்டும் எங்க போனீங்க?"

விழித்திருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். இடி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் கல்யாணத்தன்று ஒருமுறையும், மகள் பிறந்த அன்று ஒருமுறையும்தான் பார்த்திருக்கிறாள்.

"நான்தான் இவர்கிட்ட சொல்லி வெச்சேன்," என்றாள் அவள், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். "பத்து நாளா உக்காந்தே வர்றீங்க. மலை ஏறுறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் மெத்தையில முதுகை நீட்டணும். இல்லன்னா டிஸ்க் நகரும். நாங்க... நாங்க முன்னாடி போய் ரோடு எப்படின்னு பாத்துட்டு வந்தோம்."

"அண்ணின்னா அண்ணிதான்!" என்று ஒருவர் மறுபடி சாய்ந்தார். அடுத்த வருஷத்திலிருந்து மெத்தைக்கு ஒதுக்கும் நேரத்தையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று இன்னொருவர் முன்மொழிய, ஏழெட்டுப் பேர் படுத்தபடியே கை தூக்கினார்கள். மேனேஜர் ஆர்டர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எல்லோருக்கும் டீ வரவழைத்தார். தம் தாய்மாமாவும் படையில் இருந்தவர் என்றார். விளம்பரத்துக்கு ஆகுமே என்று, குறட்டை விட்டவர்களை மட்டும் தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

தூண் மறைவில் இடி அவளிடம் தம்மால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார். "நீ காப்பாத்திட்டம்மா."

"கை எப்படி இருக்கு?"

"எந்தக் கை?"

அவள் வாயைத் திறந்தாள். இதோ, தூண் மறைவு. யாரும் இல்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? "என்னங்க, நான்... டீ ஆறிடும், குடிங்க."

கிளம்பும் நேரம் வந்தது. மலையடிவாரத்துக்குப் பத்து நிமிஷம், அங்கிருந்து உச்சி வரை நாற்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டும். கியருக்குக் கிளட்ச், கிளட்சுக்கு இடது கை. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து மனசுக்குள் நாற்பத்தாறை ரெண்டால் பெருக்கிப் பார்த்தாள். வளைவில் வண்டி நின்றால் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை.

நாற்பது இன்ஜின்கள் பின்னால் உறுமின. இடி கியரைப் போட்டார். வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவி, அணைந்தது. மறுபடி உதைத்தார். மறுபடி தவளை. அவருடைய விரல்கள் கிளட்ச் மேல் இருந்தன, ஆனால் பிடிக்கவில்லை. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"பிளக்!" என்று முழங்கினார் இடி. "பிளக்குல கோளாறு!"

இந்தக் கூட்டத்தில் சொல்லக் கூடாத பொய் ஒன்று இருக்குமானால் அது இதுதான். ராணுவ வண்டிப் பட்டறையில் முப்பது வருஷம் கழித்தவர்கள் மூன்று பேர் ஸ்பானரோடு பாய்ந்து வந்தார்கள். இருவரையும் இறக்கிவிட்டார்கள். ஒருவர் பிளக்கைக் கழற்றினார், இன்னொருவர் ஊதினார், மூன்றாவது ஆள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி முகர்ந்தே பார்த்தார்.

"தலைவரே, பிளக் பொறந்த குழந்தை மாதிரி இருக்கு."

"அப்ப கார்புரேட்டர்!"

கார்புரேட்டருக்கும் ஒரு குறையும் இல்லை. பெட்ரோல் குழாய் சுத்தம், பேட்டரி திடகாத்திரம். குற்றம் சாட்டுவதற்கு வண்டியில் இனி ஹாரன்தான் மிச்சம். இடி அதையும் ஒரு தரம் சந்தேகமாகப் பார்த்தார்.

கடைசி வண்டியிலிருந்து வால் நடந்து வந்தார். வண்டியைப் பார்த்தார். கார்புரேட்டரைப் பார்த்தார். அப்புறம் கால்சட்டைப் பைக்குள் ஒளிந்துகொண்டிருந்த இடியின் இடது கையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த குறும்பு ஒவ்வொரு இழையாகக் கழன்றது.

"தலைவரே, கிளட்சை ஒரு தடவை பிடிங்க பாப்போம்."

ஒவ்வொன்றாக இன்ஜின்கள் அணைந்தன. சாமான் வேன் ஓட்டுபவர் எதற்கும் இருக்கட்டும் என்று முன் சீட்டிலிருந்த ஸ்டெப்னியை எடுத்துப் பின்னால் போட்டார். இடி நெஞ்சில் கட்டியிருந்த தகரக் குழலை வலது கையால் தொட்டார். வாரைப் பிடித்தபடியே நின்றார். அவிழ்க்கவும் இல்லை, விடவும் இல்லை.

அவளுக்கு வழக்கம்போல 'தண்ணி குடிச்சீங்களா' முண்டியடித்துக்கொண்டு நாக்கு நுனி வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள். மெதுவாகச் சொன்னால் இந்தக் காதுகளில் ஒன்றுக்கும் கேட்காது. இடுப்பில் கை வைத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிற்சாலைக் காவலாளியும் மெத்தையிலிருந்து எழுந்துவிட்டான்.

"என்னங்க! எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்! ரெண்டு வருஷமா லைசென்ஸ் வெச்சிருக்கேன், உங்க தங்கச்சிதான் சொல்லிக் குடுத்தா! வண்டியிலயும் கோளாறு இல்ல, உங்ககிட்டயும் இல்ல, எனக்குத்தான் ஆசை! இந்த மலையை நான் ஓட்டி ஏறணும்ங்க! நீங்க பின்னாடி உக்காந்து, குழலையும் என்னையும் கெட்டியா பிடிச்சுக்குங்க!"