ஹாலில் இருந்த சரஸ்வதி படம்

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் அந்த அரசுத் தமிழ்ப் பள்ளியில்தான் பத்மஜா படித்தாள். இப்போது அங்கேயே தலைமையாசிரியை. ஹால் சுவரில் அன்றைக்கிருந்த அதே சரஸ்வதி படம்தான் இன்றும். அதைத்தான் இறக்கச் சொல்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஒரு மதத்தின் படம் மட்டும் எதற்கு என்று ஒரு பிள்ளையின் தகப்பனார் கேட்டுவிட்டார். சாயங்காலம் பெற்றோர் கூட்டம். டீச்சர் சொல்கிறபடி செய்யலாம் என்று எல்லோரும் நைசாக அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

பத்மஜா லேசில் விடுகிறவள் இல்லை. பிரிஸில்லாவை வரவழைத்திருந்தாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதி. இப்போது சாலையில் இரும்புக்கடை வைத்திருக்கிறாள்.

நவராத்திரியில் பூஜைவைப்பு வந்தால் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகப் போய்த் தங்கள் புத்தகங்களை அந்தப் படத்தின் முன்னால் அடுக்குவார்கள். விஜயதசமி வரை ஓர் எழுத்து படிக்கக் கூடாது. பொரி, அவல், சந்தன வாசனை, படி படி என்று பிடுங்க ஆளில்லாத சாயங்காலங்கள். அந்தச் சுகம் பிறகு எதிலும் கிடைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பிரிஸில்லாவும் அன்று புத்தகம் வைத்தாளே! அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"நீயும் வெச்சியோல்லியோ? அதைக் கூட்டத்துல சொல்லு, போறும்," என்றாள் பத்மஜா.

பிரிஸில்லா சிரித்தாள். "வச்சேன். போன வருசத்துப் புஸ்தகத்தை."

"என்னது?"

"பழசுக்குப் புது அட்டை போட்டு வச்சிருவேன். நெசப் புஸ்தகம் வீட்ல இருக்கும். இங்க வச்சேன்னு அப்பா அறிஞ்சா தோலை உரிச்சிருவாரு."

"அடிப்பாவி! பூஜை முடிஞ்சு வர்ற கணக்குப் பரீட்சையில நீயே ஃபர்ஸ்ட் வந்தது இப்படித்தானா?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பத்மஜாவின் குரல் இறங்கியது.

"வெக்கலேன்னு சொல்லியிருக்கலாமேடி. டீச்சர் யாரையும் கட்டாயப்படுத்தலையே."

"இல்ல. ஆனா கிளாஸ் மொத்தமும் எழும்பிப் போவும்போ நான் ஒருத்தி மட்டும் பெஞ்சில இருக்கணும்லா. அது என்னால முடியல, கேட்டியா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீயும் வைக்காம எங்கூட இருந்திருவ. உனக்கு அந்த நாளு எம்பிட்டு இஷ்டம்னு எனக்குத் தெரியாதா?"

வாசலில் பெற்றோர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

"படம் இருக்கட்டும்னே பேசுதேன். உனக்காவ," என்றாள் பிரிஸில்லா.

"வேண்டாம்டி."

ஹாலுக்குப் போய் பத்மஜாவே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஆணியிலிருந்து படத்தை எடுக்கும்போது அழுகை வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. கீழே நின்ற பிரிஸில்லா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டிப் படத்தை வாங்கிக்கொண்டாள்.