முதல் சஹன்

ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சோற்றுத் தட்டமான சஹனில் முதலாவதைப் பெண்ணின் தாயே தோளுக்கு மேலே தூக்கிச் சென்று மாப்பிள்ளையின் தாய்க்கு முன் வைக்க வேண்டும். காத்தான்குடியில் வேறெந்தக் குடும்பமும் இப்படிச் செய்வதில்லை. செய்வதற்கு மற்றவர்களிடம் முதுகெலும்பு வேண்டாமா என்பது ஆயிஷா உம்மாவின் எண்ணம். மகள் ஸுஹைனாவின் கல்யாணத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு கிழமை இருக்கையில், அவருடைய வலது கை கொண்டை முடியக்கூட எழும்ப மறுத்தது.

தம்பி பெண்சாதி ஸஹீதா அன்றைக்கே வந்துவிட்டாள். கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னாள். சஹனைத் தானே தூக்குவதாகவும் சொன்னாள். மூன்று வேளையும் கடைச்சோறு எடுத்துத் தின்கிறவளின் வாயில் ஓய்வைத் தவிர வேறென்ன வரும்?

இயன்மருத்துவர் அகீலா சொன்னது நேர் எதிர். தோளின் தசைநார் நொந்திருக்கிறது, சும்மா வைத்தால் இன்னும் பலம் கெடும், பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்றாள். தூக்கும்போது சற்று வலிக்கலாம். அடுத்த நாளும் வலித்தால் பாரம் அதிகம். கடைசியில், தூக்கிப் பழக அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

ஆயிஷா உம்மா அதைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து சஹனை எடுத்து, அளவுத் தகரச் சுண்டால் அதிலே இரண்டு சுண்டு அரிசியை அளந்து போட்டார். கிழமைக்கு இரண்டு சுண்டாகக் கூட்டினால் பன்னிரண்டாம் கிழமை இருபத்துநாலு. நிறைந்த சஹனின் பாரம் அதுதான்.

ஆனால் இரண்டு சுண்டைத் தூக்குவது அவருக்கு அவமானமாக இருந்தது. மூன்றாம் நாளே பன்னிரண்டு சுண்டைப் போட்டுத் தூக்கினார். அதன்பின் மூன்று கிழமை கை எழும்பவேயில்லை.

அகீலா அனுதாபப்படவில்லை. "மாமி, தசைநார் நீங்க எந்தக் குடியெண்டு கேக்காது. திரும்ப ரெண்டு சுண்டுல இரிந்து தொடங்குங்க."

அவள் பேச்சு பிடிக்காவிட்டாலும் அவளுடைய முதுகெலும்பு நேராக இருந்தது. ஆயிஷா உம்மா தொடங்கினார். ஒரு நாளும் தவறவில்லை. கிழமைக்கு இரண்டு சுண்டுக்கு மேல் ஒரு அரிசிமணி கூடக் கூட்டவுமில்லை. கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது பதினாறு சுண்டு கையில் நின்றது; இன்னும் எட்டு பாக்கி.

ஸஹீதா சேலைப் பையோடு மறுபடி வந்தாள், சஹன் தூக்கப் புதுச் சேலையும் எடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு. "விடுங்க மதினி. ஆர் தூக்கினா என்ன, சோறுதானே."

ஆயிஷா உம்மா அவள் முன்னிலையிலேயே மாப்பிள்ளையின் தாயைப் போனில் அழைத்தார். கல்யாணம் மூன்று கிழமை தள்ளுகிறது என்றார். மறுபுறத்தில் மாப்பிள்ளை றிஸானின் கத்தார் வேலை லீவைப் பற்றி நீண்ட புலம்பல் வந்தது.

"மூணு கிழம லீவு கேட்டு வாங்கத் தெரியாத ஆம்புளைக்கு எண்ட மகள எப்பிடிக் குடுக்கிற?"

போனை வைத்தார். ஸுஹைனா கதவோரம் நின்று அழுதாள். அவர் மகளைத் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை.

லீவு கிடைத்துவிட்டதென்று அஸர் தொழுகைக்கு முன்னே பதில் வந்தது. ஸஹீதா சேலைப் பையை எடுத்துக்கொண்டு வாசல் படலையைத் தாண்டும்போது, ஆயிஷா உம்மா பதினேழாவது சுண்டை அளந்துகொண்டிருந்தார்.