இரண்டு நீரூற்றுகள்

லிஸ்பனில் ஏறாமல் இறங்காமல் ஓரிடமும் போக முடியாது என்பது மக்டலீனுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. கனடாவில், பிக்கரிங்கில் அவள் நடக்கிற நடையெல்லாம் வாசலில் இருந்து கார் வரைக்கும்தான். செங்குத்தான தெருவால் மூச்சு வாங்க இறங்கி, ரோசியோ சதுக்கத்தின் நீரூற்று விளிம்பில் குந்திய பிறகுதான் முழங்கால் நோ அடங்கியது.

சதுக்கம் பெருநாள் மாதிரிக் களைகட்டிக் கிடந்தது. ஒருவன் அக்கோடியன் வாசிக்க, தொப்பி போட்ட கிழவர் ஒருவர் ஒருவரையும் பாராமல் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தார். மக்டலீனின் காலும் தாளம் போட்டது. ஆனால் கண் மட்டும் சதுக்கத்தின் மறுகரையிலேயே இருந்தது.

பாத்திமா மாதாவிடம் யாத்திரை வந்த ரொறன்ரோக் குழுவுக்கு இன்று ஓய்வு நாள். பிரான்சின் பரிஸ் நகரில் இருந்து வந்த குழுவில் தங்கை அன்ரனெற் இருந்தாள். அக்காவும் தங்கையும் பேசி ஏழு வருடம். மக்டலீனின் கணவர் அன்புராசாதான் இரண்டு பக்கமும் கெஞ்சி, “பதினொரு மணிக்கு நீரூற்றடியிலை” என்று ஒழுங்கு செய்திருந்தார். ஒரே மாதிரி இரண்டு நீரூற்று அங்கே இருப்பதை மனுசன் விசாரிக்கவில்லை.

மற்றதனடியில் நீல ஜக்கெற்றோடு அன்ரனெற் இருந்தாள். இவர்களைக் கண்டும்விட்டாள். ஆனால் எழும்பவில்லை.

அன்புராசா போனைக் காதில் வைத்தபடி, “உம்மை அங்கை வரட்டாம்” என்றார்.

“நான் மூத்தவள். அவளை வரச்சொல்லுங்கோ.”

அவர் சொல்லிவிட்டுக் கேட்டார். முகம் சுருங்கியது. “கூப்பிடாத இடத்துக்குத் தான் வரமாட்டாவாம்.”

மக்டலீனுக்குச் சுருக்கென்றது. ஏழு வருடத்துக்கு முந்தி மகள் அனோஜாவின் கலியாணம், மார்க்கத்தில் ஒரு ஹோல். அன்ரனெற் அதற்கென்றே புதுச்சேலை எடுத்துப் பறந்து வந்தவள். குடும்பப் படம் எடுக்கிற நேரம் மேடைக்குக் கீழே சேலைக் கொய்யக மடிப்பைச் சரிசெய்தபடி நின்றாள். மேடையில் இருந்து யாரும் கூப்பிடவில்லை. அல்பத்தில் ஒரு பக்கத்திலும் அவள் இல்லை. அவசரத்தில் மறந்துபோச்சு என்றுதான் மக்டலீன் இவ்வளவு காலமும் எல்லாருக்கும் சொல்லிவந்தாள். மறக்கவில்லை. பார்த்தாள்; பிறகு கூப்பிடுவம் என்று விட்டாள். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருந்தது.

அவள் எழும்பினாள். முழங்காலாவது மண்ணாவது. இரண்டு கையையும் வாயில் குவித்து, சதுக்கமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

“அன்ரனெற்! படம் எடுக்கப்போறம், ஓடி வாடி!”

அக்கோடியன்காரன் ஒரு கணம் நிறுத்தி, சிரித்துவிட்டு, முன்னிலும் வேகமாகப் பிடித்தான். அன்புராசா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டிப் பிடித்தார். மக்டலீன் தன் வலப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றாள்.

மறுகரையில் அன்ரனெற் எழும்பினாள். உடனே வரவில்லை. கைப்பையில் இருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துத் தலைமயிரைச் சரிசெய்தாள், ஜக்கெற்றை இழுத்துவிட்டாள். பிறகு, கறுப்பும் வெள்ளையுமாய் அலையலையாகக் கல் பதித்த அந்தத் தரையில், ஆடுகிற கிழவரையும் சுற்றிக்கொண்டு, அரை ஓட்டமாக வரத் தொடங்கினாள்.