பச்சைக் கட்டம்

எங்கள் சைட்டில் திங்கட்கிழமை காலை ரிஸ்க் மீட்டிங். கன்டெய்னர் ஆபீஸில் ஏசி ஓடும். சுவரில் வெள்ளைப் பலகை. வேலை எதில் எல்லாம் சிக்கும் என்று எழுதி, பெரிய ஆபத்துக்குச் சிவப்பு, நடுவாந்தரத்துக்கு மஞ்சள், கவலை இல்லாததற்குப் பச்சை என்று கட்டங்களுக்கு வண்ணம் அடிப்போம். நான் அங்கே இன்ஜினியர்.

அன்று கிரேன் தாமதமாவது சிவப்பு. கம்பி விலை ஏறுவது சிவப்பு. அஸ்திவாரப் பள்ளத்தின் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் ஆட்களை இறக்கியிருப்பது பச்சை. இரண்டு ஆள் உயரப் பள்ளம், மழையில் ஊறிய மண். அதற்குள் கம்பி கட்டுகிறவர்களில் என் தம்பியும் ஒருவன்.

"அது எப்படி சார் பச்சை?" என்றேன்.

மேனேஜர் பேனாவின் மூடியைக் கூடக் கழற்றவில்லை. "இன்சூரன்ஸ் இருக்கும்மா. ஏதாவது ஆனா அவங்க பாத்துக்குவாங்க. நமக்குப் பெரிய பாதிப்பு இல்ல."

"முட்டுக் குடுக்க உக்காந்தா ஒரு வாரம் போயிடும்" என்றார் கான்ட்ராக்டர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்ணுக்குள் மூச்சு முட்டிச் சாகிறவன் பாதிப்பில் சேர்த்தி இல்லையாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"சரி சார். மீதி மீட்டிங்கைப் பள்ளத்துக்குள்ள வெச்சுக்கலாம். பச்சைதானே."

"என்னம்மா, பயம் காட்டுறியா? வா, பாத்துடலாம்" என்று எழுந்தார். கான்ட்ராக்டரும் பின்னால் வந்தார்.

ஏணி அருகே நின்றோம். விளிம்பிலிருந்து ஒரு கை மண் உதிர்ந்து கீழே விழுந்தது. மேனேஜர் சட்டென்று பின்வாங்கினார். கான்ட்ராக்டர் அவருக்கு முன்பே பின்வாங்கியிருந்தார்.

கீழிருந்து தம்பி குரல் கொடுத்தான். "அக்கா, சார் இறங்குறாரா? ஏணியைப் பிடிச்சுக்கட்டுமா?"

"சார் இறங்க மாட்டாராம்டா. நீயும் இருக்க வேணாம், மேல வா. எல்லாரையும் கூட்டிட்டு வா."

ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்தார்கள். கடைசி ஆள் வரும்வரை நான் ஏணியை விடவில்லை. மேனேஜர் விறுவிறுவென்று ஆபீசுக்குத் திரும்பினார்.

நானும் போனேன். பலகையில் புதிதாக ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தார்: ஆட்கள் வேலையை நிறுத்தியது. அதற்கு அழுத்தி அழுத்திச் சிவப்பு அடித்தார். பள்ளத்தின் கட்டம் பச்சையாகவே இருந்தது.

"ஏன் சார், இதுக்கு இன்சூரன்ஸ் இல்லையா?" என்று கேட்டேன்.