சன்னாசி ஆண்டவருக்கு நேர்ந்த முடி

…முடிதானே, போனால் வளராதா, மூன்று மாதத்தில் பழையபடி நெற்றியில் வந்து புரளும், ஆனால் திங்கட்கிழமைக்குள் வளராதே, இன்று சனிக்கிழமை, நடுவில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடி வளர்க்கிற எண்ணெயை எந்த வைத்தியன் காய்ச்சியிருக்கிறான்... செங் என்கிற ஊரில் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில், மாசி மகத்துக் கூட்டத்தில், மொட்டைக் கொட்டகை வரிசையில் ஜெயபாலன் நான்காவது ஆள். முன்னால் மூன்று பேர், மூன்றும் கைக்குழந்தைகள். இருபது வயது, ஐந்தடி பத்தங்குலம், சீனியர் கேம்பிரிட்ஜில் கணக்கில் பள்ளிக்கே முதலாவது, சொந்த ஊரான காஜா பெராங்கில் இதுவரை ஒருத்தனுக்கும் வராத கடிதம் வந்தவன், அவன் கைக்குழந்தைகளுக்குப் பின்னால்! திங்கள் காலை பத்து மணிக்குக் கோலாலம்பூரில், விமானக் கம்பெனி ஆபீசில், நீள மேஜைக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், மனுவோடு அனுப்பிய போட்டோவைப் பார்ப்பார்கள், அதில் கிரீம் பூசி அலையலையாக வாரிவிட்ட தலை, பிறகு நிமிர்ந்து இவனைப் பார்ப்பார்கள்... நீ யாரப்பா, எந்த ஜெயிலிலிருந்து வருகிறாய் என்று கேட்டால்? கேட்கட்டும். மலாயா முழுக்க எத்தனையோ பேர் எழுதிப்போட்டதில் இருபத்திரண்டு பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், அதில் நான் ஒருத்தன், அதை எந்தக் கத்தியாலும் சிரைத்துவிட முடியாது.

எல்லாம் அந்த ஒரு பொய்யால் வந்த வினை. பைலட் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்பா கரண்டுக் கம்பம் ஏறி வேலை செய்தவர், ஒரு மழை நாளில் மேலேயிருந்து விழுந்தவர் எழுந்திருக்கவேயில்லை, அன்றிலிருந்து அம்மா பூங்காவனம் தன் ஒரே பிள்ளையை ரம்புத்தான் மரத்தில்கூட ஏறவிட்டதில்லை, பள்ளிக்கூடத்து மாடி வகுப்பையே ஒரு வருஷம் பயந்துகொண்டு சகித்தாள், இருபதடிக்கே இந்தப் பாடு, பத்தாயிரம் அடிக்கு என்ன ஆவாள்! அதனால்தான் கிராணி வேலை என்று சொல்லிவைத்தான், ஏர்போர்ட்டில் டிக்கட் எழுதுகிற கிராணி, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, தரையில் அழுத்தமாக ஊன்றிய நாற்காலி. "கோழி மேய்ச்சாலும் கவர்மெண்டுல மேய்க்கணும்டா, இது கவர்மெண்டு வேலைதானே?" என்று கேட்டாள், அதற்கும் தலையாட்டினான், ஒன்று சொன்ன வாய்க்கு இரண்டாவது ஒரு பாரமா. சாயங்காலமே கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "கூப்பிட்டு லெட்டர் வந்தா மாசி மகத்துக்கு உன் முடியைத் தர்றேன்னு நேர்ந்துக்கிட்டேன்" என்றாள். தலை என்னுடையது, வேண்டுதல் உன்னுடையது, நடுவில் என்னை யாராவது கேட்டார்களா? செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினான், பைலட் என்று இருந்த இடத்திலெல்லாம் நாக்குப் பிறழாமல் கிராணி என்றான், அம்மா அதன் மூலையில் குங்குமம் வைத்து சாமி படத்தடியில் இரண்டு நாள் வைத்திருந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள், தலைப்பாகை கட்டாதவனுக்கு முடியோடு போகிறது.

ஒரு குழந்தை முடிந்தது, வீறிட்டழுதுகொண்டு வெளியே போகிறது, இன்னும் இரண்டு... நான்கு வருஷத்துக்கு முன்னால் பத்து பெரண்டாம் விமானத் திடலில் இதைவிடப் பெரிய கூட்டம். லண்டனில் சுதந்திரம் பேசி முடித்துவிட்டுத் தலைவர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள், ஊரே கதவைப் பார்த்துக் கத்தியது, மெர்டேக்கா மெர்டேக்கா என்று இவனும் தொண்டை கிழியக் கத்தினான், ஆனால் கண் மட்டும் விமானத்தின் மூக்குப்பக்கத்துச் சின்ன ஜன்னலுக்குப் போய்விட்டது. அங்கே சட்டைக் கையை மடித்துவிட்ட வெள்ளைக்காரன் ஒருவன் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். ஒரு நாட்டின் விடுதலையைப் பத்திரமாகத் தூக்கிவந்து இறக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதவன்போல வாழைப்பழம்! இனி நாடு நம்முடையது என்றால் அந்த ஜன்னலுக்குள் நம் ஆள் ஏன் உட்காரக்கூடாது? பக்கத்தில் நின்ற ரஹீமிடம் சொன்னான், ரஹீம் அன்றே தானும் வருவதாகச் சொன்னான். துணிக்கடைக்காரர் மகன், ஒரே வகுப்பு, இப்போது அவனுக்கும் கடிதம் வந்திருக்கிறது. ஆனால் அவன் கணக்கு வேறு, "பைலட்டுக்கு நடையே தனி மச்சான்" என்று கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்து பழகுகிறான், லண்டனைப் பார்க்க வேண்டும், பெண்கள் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நீ மட்டும் யோக்கியனோ? கண்ணாடி முன்னால் தினம் அரைமணி நேரம் சீப்பும் கையுமாக நின்றது யார்? நேற்று ரஹீம் தலையில் அடித்துக்கொண்டான். "உண்மையைச் சொல்லித் தொலை லா. கிராணிக்கு நேர்ந்த மொட்டையைப் பைலட் ஏண்டா போடணும்?"

"வாங்க தம்பி, உட்காருங்க." நாவிதர் கலியாணசுந்தரம் பலகையைத் தட்டினார். தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தவர், முடியின் அடர்த்தியைக் கையால் அளந்து பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "என்ன வேண்டுதல்மா?" என்று பக்கத்தில் நின்ற அம்மாவைக் கேட்டார். இதோ வந்தது, கிராணி என்று அம்மா சொல்லப்போகிறாள், இவர் உடனே எந்த ஆபீஸ் என்று கேட்பார், பின்னால் நிற்கிறவர்கள் கேட்பார்கள்... "வேலைக்குங்க" என்றாள் அம்மா, அதோடு நிறுத்திக்கொண்டாள். "இன்டர்வியூவா? அட, இந்தத் தலையோட போனா நல்லாவா இருக்கும். பூமுடி மட்டும் கொடுத்துடலாமே, மூணு இணுக்கு நறுக்கிட்டா போதும், ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு, வளந்த புள்ளைங்க பாதிப் பேரு அப்படித்தான் செய்றாங்க." ஜெயபாலனுக்கு நெஞ்சு குதித்தது. மூன்று இணுக்கு! பின்னங்கழுத்தில் எடுத்தால் வெளியே தெரியவே தெரியாது. அம்மாவைப் பார்த்தான். அவள் அவன் ஈரத் தலையை ஒரு தரம் தடவினாள், பிறகு, "அவனே சொல்லட்டுங்க" என்றாள்.

அவனே என்றால்... சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, திங்கட்கிழமை அலையலையாகப் போய் நிற்கலாம், ஆனால் அம்மாவுக்குக் கொடுத்தது பொய், அந்தப் பொய்க்காக அவள் கொடுப்பதிலும் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டால் நான் என்ன ஆள்? உண்மையைச் சொல்லிவிட்டால்? சொன்னால் முடி தப்பும், கோலாலம்பூர் தப்புமா, அவள் அழுதால் நான் பஸ் ஏற மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அவர்களுக்கு என்ன வேண்டும், முடியா, கண்ணும் காதும் கணக்கும் தெரிந்த ஆளா? முடிதான் வேண்டுமென்றால் ரஹீமை எடுத்துக்கொள்ளட்டும். இல்லை, விட மாட்டேன், மொட்டைத் தலையோடு போய் நிற்பேன், எங்கள் வீட்டு வழக்கம் இது ஐயா, தாய் சொன்ன வாக்கு, என்று இங்கிலீஷில் நிமிர்ந்து சொல்வேன்... "முழுசா எடுங்க" என்றான், குரல் கொஞ்சம் அதிகமாகவே ஓங்கி வந்தது. கத்தி நெற்றியிலிருந்து பின்னுக்கு ஓடியது, மடியில் கொத்தாக விழுந்தது, இத்தனை முடியா இருந்தது, போகட்டும், காற்று இதுவரை படாத இடத்தில் வந்து பட்டது. அழுகை வரவில்லை. வந்தது பெருமைதான், இருபத்திரண்டு பேரில் எவனும் இந்த விலை கொடுத்திருக்க மாட்டான் என்கிற பெருமை, தலைகால் தெரியாமல் வந்தது, தலையில் ஒன்றுமில்லாதபோதும்.

குளித்துவிட்டு வந்து குனிந்தான், அம்மா சந்தனத்தைக் குழைத்து மண்டை முழுக்க அப்பினாள், குளுகுளுவென்று இருந்தது, உச்சிக்கு வந்தபோது பூசிய இடத்திலேயே திரும்பத் திரும்பப் பூசினாள், வயதாகிறது, கூட்டத்தில் வெகுநேரம் நின்ற களைப்பு. "பஸ்ஸுல சன்னலோரம் உட்காராத" என்றாள், சரிம்மா. "அவங்க கேட்டதுக்குப் பதட்டப்படாம பதில் சொல்லு", சரிம்மா. பிறகு கைப்பையைத் திறந்து காகிதத்தில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றை அவன் சட்டைப்பையில் வைத்தாள். "பஞ்சு. பரீட்சை பண்ணிப் பார்க்கக் கூட்டிட்டுப் போனாலும் போவாங்க. ஒசரத்துக்குப் போகப் போகக் காதை அடைக்குமாமே, வச்சுக்க." சொல்லிவிட்டு, மிச்சச் சந்தனத்தைக் கழுவுகிறவள்போல் குழாயடிக்குப் போய்விட்டாள். சரிம்மா என்று வாய் சொல்லியிருந்தது, சொன்ன பிறகுதான்... டிக்கட் எழுதுகிற கிராணிக்குக் காது எதற்கு அடைக்கிறது? யார் சொன்னது, ரஹீமா, கடிதத்தை வேறு யாரிடமாவது காட்டினாளா? எப்போதிலிருந்து தெரியும், இன்றைக்கா, செவ்வாய்க்கிழமையிலிருந்தா, அதற்கும் முன்னாலேயா? பூமுடி என்றபோது அவனே சொல்லட்டும் என்றாளே... குழாயடியில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், கை எப்போதோ சுத்தமாகிவிட்டது, தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அப்படியென்றால், ஆண்டவர் முன்னால் தனியாகப் போய் நின்று, இவன் முடியைத் தருகிறேன் என்று சொல்லி, அம்மா கேட்டது எந்த வேலையை?