பின்னால் போகாத வீடு

1

கண்ணால் பார்த்ததை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசோனா பாலைவனத்தில் ஒரு மண்பாதையின் முடிவு. பஸ் நீளத்துக்கு ஒரு வீட்டுவண்டி. அதன் வாலில் கட்டி இழுத்துவந்த சின்னக் கார். காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு பெண்மணி. வெளியே, இழுவைக் கம்பியருகே ஒரு கிழவர். கைக்கெட்டும் தூரம்தான், இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மீதியெல்லாம் என் சரக்கு.

2

'பாலைவனத்தில் ஒரு பிணம்' என்றுதான் ஆரம்பித்தேன். [துப்பறியும் கதை எழுதிய பழக்கதோஷம். அந்த வரியை அடித்துவிட்டேன். இதில் யாரும் சாகமாட்டார்கள்.]

டெல்பர்ட் ஓய்வுபெற்றதும் ஒரிகான் வீட்டை விற்று வண்டி வாங்கினார். ஒரு குளிர்காலம்தானே என்று மனைவி வெர்னா சம்மதித்தார். குளிர்காலங்கள் வந்துகொண்டே இருந்தன. இன்று காலைக் காபியில், டூசானில் மகள் வீட்டோடு தங்கிவிடப் போவதாக வெர்னா சொன்னார். டெல்பர்ட் காது கேளாதவர்போல் காரைக் கட்டப் போனார்.

கட்டி முடித்ததும் ஒரு சடங்கு உண்டு. ஒருவர் காரில் ஏறி, கியரை நியூட்ரலில் தள்ளி, ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, இறங்கி நின்று கட்டைவிரலை உயர்த்த வேண்டும். வெர்னா கார் ஜன்னல் வழியே கையை நீட்டி விரலை உயர்த்தினார். இறங்கவில்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியில் விரலை மட்டும் பார்த்த டெல்பர்ட் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

[வேண்டுமென்றே இறங்கவில்லையா? கேட்டுப் பார்த்தேன். என் பாத்திரம்தான், ஆனாலும் வாய் திறக்கவில்லை.]

3

போன் அடித்தது.

"நான் பின்னாடி இருக்கேன்."

"படுக்கையிலயா? தூங்கு."

"கார்ல இருக்கேன்யா."

டெல்பர்ட் பதறிப்போய்க் கண்ணில் பட்ட முதல் மண்பாதையில் திருப்பினார். அது முள்வேலியில் முடிந்தது. காரைக் கட்டிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுக்க முடியாது. கம்பி வளைந்து காரின் சக்கரம் கோணிக்கொள்ளும். திரும்ப வேண்டுமென்றால் காரைக் கழற்றியே ஆகவேண்டும். காரின் சாவியோ வெர்னாவிடம். டெல்பர்ட் போனைக் காதில் வைத்தபடியே இறங்கி இழுவைக் கம்பியருகே போனார்.

"கழட்டு, டெல்பர்ட்."

"கழட்டினா நீ போயிடுவ."

"அதுக்காக இங்கயேவா குடியிருப்ப?"

டெல்பர்ட் சுற்றிலும் பார்த்தார். "காத்து நல்லாத்தான் வருது."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. சிரித்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

4

முடிவுகள்.

கழற்றுகிறார், வெர்னா போய்விடுகிறார். [என்னைத் திட்டி எழுதுவீர்கள்.]

இருவரும் சேர்ந்து டூசான் போய்ச் சுகமாக வாழ்கிறார்கள். [மருமகனை யார் கேட்டது?]

டெல்பர்ட் ஆத்திரத்தில் பின்கியரைப் போட்டு... [வேண்டாம். காருக்குள் ஆள் இருக்கிறது.]

இதற்குள் டெல்பர்ட் என்னைக் கேட்காமலே குனிந்துவிட்டார். கம்பியைக் காரோடு பூட்டிப் பிடித்திருப்பவை இரண்டு இரும்பு ஊசிகள். ஒன்றை உருவிவிட்டார். போனில் வெர்னாவின் குரல் இறங்கி ஒலித்தது.

"நான் போயிட்டா, நீ எங்க போவ?"

ஊர் ஊராக வீட்டையே ஓட்டிப் போனவர். உருவிய ஊசியோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கே போவார் என்று எனக்கும் தெரியவில்லை. இன்னொரு ஊசி உங்கள் பக்கம்தான் இருக்கிறது.