யானையின் தும்பிக்கை

குழந்தைகள் பனியனில் மிஷின் தைத்த யானைக்குத் தும்பிக்கை முதுகில் முளைத்திருந்தது. கம்பெனிக்குப் புரோகிராம் எழுதும் கீர்த்தனா அந்தப் பனியனை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"ஏனுங்கண்ணா, துணிய பிரேம்ல ஒழுங்கா மாட்டக்கூடத் தெரியாதுங்களா? என்ற புரோகிராம்ல தப்பு வராதுங்க."

மரியாதையில் ஒரு 'ங்க' குறையவில்லை. அதனாலேயே இன்னும் சுட்டது. எம்பிராய்டரி ஆபரேட்டர் இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டு ஊசியைக் கழற்றினார்.

தன் மேல் தப்பில்லை என்று காட்டத்தான் அவள் போய்ப் புரோகிராமைத் திறந்தாள். டிசைன் பைலை மிஷினுக்கு எழுதி அனுப்பும் வரியில், 'பைனரி', அதாவது இதில் இருப்பது வெறும் எண்கள் என்று சொல்லும் ஓர் எழுத்தை விட்டிருந்தாள். கம்ப்யூட்டர் தையல் கணக்கை வெறும் வாசகம் என்று எடுத்துக்கொண்டது. வாசகத்தில் வரி முடிவைக் குறிக்கும் எண் பத்து; அது வந்த இடமெல்லாம் வரி முடிகிறதென்று நினைத்து, வழக்கப்படி கூடவே ஒரு பதிமூன்றைச் செருகிவிட்டது. பிறகு எந்தத் தையல் அதன் இடத்தில் விழும்?

காது மடல் எரிந்தது. சத்தமில்லாமல் அந்த எழுத்தைச் சேர்த்து, பைலை மறுபடி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் இசக்கிமுத்து புதுப் பனியனோடு வந்து நின்றார். தும்பிக்கை முகத்தில் இருந்தது.

"ஊசிய மாத்தவும் சரியாயிட்டு மேடம். நீங்க ஏசுனது நல்லதாப் போச்சு. மொதலாளிகிட்டயும் என் தப்புதான்னு சொல்லிட்டேன்."

கீர்த்தனா வாயைத் திறந்தாள்.

"பரவாயில்லீங்கண்ணா" என்றுதான் வந்தது.